மேற்கு வீதி மிச்சம்

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் சிவநேசம் அக்காவுக்கு மேல்மாடி, எனக்கு நிலமட்டத்து வீடு. காலமையில் அவ படியிறங்கி வருகிற சத்தம் என் குசினிக்குள் கேட்கும். ஒரு படி இறங்கி நிற்பா, கைபிடியை மாற்றிப் பிடிப்பா, பிறகு அடுத்த படி. என் கதவடிக்கு வந்ததும் "முருகா" என்று ஒரு மூச்சு விடுவா. அது கும்பிட்ட முருகா இல்லை, களைத்த முருகா.

அங்கிருந்து பஸ், பிறகு ரயில். ரொக்ஸ்பரோவில் இறங்கி, பனிக்குள்ளால் நடந்து, கத்தரின் என்ற வயதுபோன பிரெஞ்சுக்கார மனிசியின் வீட்டுக்குப் போக வேண்டும். அவவைக் குளிக்க வார்த்து, மருந்துக் குளிசை கொடுத்து, சூப் வைத்து, தரை துடைத்துவிட்டு, பின்னேரம் வந்த வழியே திரும்பி வருவா. வந்து மகள் செல்வமலரின்ர பிள்ளைகளுக்குச் சோறு தீத்த வேண்டும். செல்வமலருக்கும் புருசனுக்கும் தையல் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அக்கா இருந்து சாப்பிட்டதை நான் கண்டது குறைவு. சட்டியோடு நின்றபடி வழித்துச் சாப்பிடுவா.

அவ வந்தது அகதியாக இல்லை. எண்பத்துமூன்றில், மகளின் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் வந்தவ. வந்த கையோடு ஆடி மாதம் நாடு எரிந்தது. போக வேண்டாம் என்று எல்லாரும் மறித்தார்கள். இந்த நாட்டு அரசாங்கமும் இருக்கலாம் என்றது. இருந்துவிட்டா. புருசன் முன்னமே காலமாகிவிட்டார். கடைசிப் பெடியன் குலேந்திரனைத் தங்கச்சி வீட்டில் படிக்க விட்டுவிட்டு வந்தவ. திரும்பிப் போகிறபோது கொடுக்க அவனுக்கு இரண்டு சட்டை வாங்கி வைத்திருந்தா. அந்தச் சட்டை அலுமாரிக்குள் கிடந்து கிடந்து அவனுக்கு அளவில்லாமல் போயிருக்கும்.

எண்பத்தாறில் ஊரில் ஆமி செய்த ஒரு சுற்றிவளைப்பில் குலேந்திரனைப் பிடித்துக்கொண்டு போய்த் தெற்கே ஒரு முகாமில் அடைத்துவிட்டார்கள். சேதி வந்த அன்று நான்தான் அவவோடு நின்றேன். அக்கா அழவில்லை. உள்ளங்கை இரண்டையும் குசினி மேசையில் ஊன்றிக்கொண்டு, ஊர்க் கோயில் நாகதம்பிரானோடு நேரே கதைக்கிற மாதிரிச் சொன்னா.

"என்ர பிள்ளையை உயிரோடை வெளியில விடு. உன்ர வீதி நாலும் அடி அழிக்கிறன்."

அடி அழிக்கிறதென்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வைக்கிற நேர்த்தி. கோயிலின் வெளிவீதியைச் சுற்றி, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடித்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு எழும்பி, அடுத்த அடி வைக்க வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு வீதியும் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தால்தான் நேர்த்தி முடியும்.

அடுத்த வருசம் பெடியனை விட்டுவிட்டார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து நின்றான். இங்கே எடுக்க அக்கா ஸ்பொன்சர் செய்தா. அதற்குப் பிறகுதான் இழுபறி. ஒருக்கால் விசாவுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரியுது என்றார்கள். ஒருக்கால் கோப்பு வேறு கந்தோருக்குப் போய்விட்டது என்றார்கள். அக்கா வேறொருவரையும் குறை சொல்லவில்லை.

"நாகதம்பிரான் தன்ர பங்கைச் செய்திட்டார். நான் என்ர பங்கைச் செய்யேல்லை. அதுதான் பெடியன் அரைவாசியில நிக்கிறான்," என்பா.

செய்ய இடம் வேண்டுமே. அந்த நாளில் எங்களுக்கு மொன்றியலில் கோயில் என்று ஒன்று இல்லை. வெள்ளிக்கிழமையில் நகுலேஸ்வரன் அண்ணையின் நிலக்கீழ் வீட்டில் பிள்ளையார் படம் வைத்துத் தேவாரம் படிப்போம். ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற மெஷின், மற்றப் பக்கம் சூடாக்கிப் பெட்டி. சுற்றிவர நாலு பேர் இருக்க இடம் காணாது.

"அண்ணை, இதில எங்க நான் அடி அழிக்கிறது?" என்று அக்கா கேட்டா.

"மெட்ரோவில போய்ச் செய்யுங்கோ. பிளாட்ஃபோம் நல்ல நீளம். சனமும் பயத்தில விலத்தித் தரும்," என்றார் நகுலேஸ்வரன் அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. வருகிற வழியில், "பிளாட்ஃபோம் ஒரு பக்கம்தானே. சுத்தி வரேலாது," என்று சொன்னா. யோசித்துத்தான் பார்த்திருக்கிறா.

கத்தரின் மடாமின் குசினிச் சுவரில் ஒரு பழைய கலண்டர் தொங்கும். வருசம் போயும் கழற்றவில்லை. அதில் படிப்படியாய் மேலே போகிற பெரிய கற்கோபுரம் ஒன்று. மெக்சிக்கோ நாட்டில் மாயா என்ற பழைய சனம் கட்டியது, புருசன் கூட்டிக்கொண்டு போறன் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார் என்று மடாம் சொல்லுவாவாம். எண்பத்தெட்டு மாசியில், குளிர் நெஞ்சுக்குள் இறங்கிக் கிடந்த நேரம், அங்கே போயே தீரவேண்டும் என்று மடாம் ஒரே பிடியாய் நின்றா. தூரத்தில் இருக்கிற மகள், தனியே விடேலாது, பார்க்கிற மனிசியும் போனால் போங்கோ என்று விட்டாள்.

"குடுத்து வைச்சனீங்கள் அக்கா. நாங்கள் இஞ்சை விறைச்சுச் சாகிறம், நீங்கள் வெயிலுக்குப் போறியள்," என்றேன்.

"வெயில் எனக்குப் புதுசே? அங்கையும் அவவைக் குளிக்க வார்க்கத்தானே போறன்," என்றா.

மெக்சிக்கோவில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், திரும்பி வந்த பிறகு அவவின் முழங்காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டது நான். பத்துக் காய்கிறவரைக்கும் அவ சொன்னதைத்தான் இதில் எழுதுகிறேன்.

கடற்கரை ஹொட்டலில் தங்கியிருந்து, ஒரு நாள் பயணமாய் அந்தக் கோபுரம் பார்க்கப் போனார்களாம். சிச்சென் இட்சா என்று பெயர். பஸ்ஸில் நெடுந்தூரம். வழிநெடுக ஒரே பற்றைக்காடு. மடாமுக்கு வயிற்றைப் பிரட்டியது. அக்கா பையை நீட்டுவதும், முகம் துடைப்பதும், நெற்றியைப் பிடிப்பதுமாய்ப் போய்ச் சேர்ந்தா. மத்தியானச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் இறைச்சி. அக்கா ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டா.

கூட்டிக்கொண்டு போன கைட் அந்த ஊர்க்காரர்தான். கட்டை மனிசன், எங்கட ஆட்களின் நிறம். பிரெஞ்சும் இங்கிலிசும் மாறி மாறிக் கதைத்தார். அக்காவுக்கு ஒன்று விளங்கினால் மூன்று விளங்கவில்லை. கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, கையைத் தட்டினார். மேலே படிக்குள்ளிருந்து ஒரு குருவி கத்துகிற மாதிரிச் சத்தம் திரும்பி வந்தது. எல்லாரும் தட்டிப் பார்த்தார்கள். மடாமும் சின்னப்பிள்ளை மாதிரித் தட்டினா.

அக்கா தட்டவில்லை. அவ படியின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. படிக்கட்டின் இரண்டு கரையும் இறங்கி வந்து முடிகிற இடத்தில், வாயைத் திறந்தபடி இரண்டு பெரிய பாம்புத் தலை. கல்லில் செய்தது.

"இதென்ன?" என்று கைட்டிடம் கேட்டா.

"பாம்பு. அந்தப் பழைய சனத்துக்குத் தெய்வம்," என்று கைட் சொன்னார்.

எங்கட ஊர் நாகதம்பிரானுக்கு அந்தப் பெரிய கட்டிடம் இல்லை. ஒரு வேம்பு, ஒரு கொட்டில், கல்லில் படமெடுத்த பாம்பு. ஆனால் பாம்பு பாம்புதானே. அக்கா அந்த இடத்திலேயே குனிந்து சப்பாத்தைக் கழற்றினா. சொக்ஸையும் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்தா.

"கல்லுக் குத்தினதா?" என்று மடாம் கேட்டா.

"இல்லை மடாம். கோயில்."

கைட் எல்லாவற்றையும் காட்டி முடித்து, இனிக் கொஞ்ச நேரம் நீங்களாய்ப் பாருங்கோ, பேந்து பஸ்ஸுக்கு வாங்கோ என்று விட்டுவிட்டார். அக்கா மடாமை மரநிழலில் கிடந்த ஒரு கதிரையில் இருத்தி, தண்ணிப் போத்தலையும் விசிறியையும் மடியில் வைத்து, சப்பாத்தைக் கதிரைக்குக் கீழே வைத்தா.

"மடாம், நான் கொஞ்சம் கும்பிட்டிட்டு வரட்டே?"

"போ, போ. எனக்கும் ஒண்டு கும்பிடு," என்றாவாம் மடாம். கண்ணை மூடிச் சிலுவை போட்டுவிட்டு வருகிற அளவு என்று நினைத்திருப்பா.

அக்கா பாம்புத் தலைக்கு முன்னால் நின்று, சீலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினா. குலேந்திரனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னா. கோபுரம் வலக்கைப் பக்கம் வரத் திரும்பி, ஒரு அடி வைத்து, முழங்கால் மடித்து, நெற்றியை நிலத்தில் வைத்தா. எழும்பினா. அடுத்த அடி.

வடக்குப் பக்கத்தில் காய்ந்த புல். அது பரவாயில்லை. கிழக்கு வீதிக்குத் திரும்பினால் நிலம் முழுதும் உடைந்த கல்லு. அந்தப் பக்கம் கோபுரமும் இடிந்துதான் கிடந்தது. வெள்ளைக்காரச் சனம் கூடிவிட்டது. ஒருவன் படம் எடுத்தான். ஒரு மனிசி தண்ணி நீட்டினாள். காவல்காரன் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் கைட்டும் ஓடி வந்தார்.

"மடாம், சுகமில்லையா? வெயில் அடிச்சிட்டுதா?"

"இல்லை. ப்ரொமிஸ்," என்றா அக்கா. அந்தச் சொல்லுத்தான் வந்ததாம்.

"ஆருக்கு?"

பாம்புத் தலை இருந்த பக்கத்தைக் காட்டினா. பிறகு கையை நெஞ்சில் வைத்து, "மை சன்," என்றா.

கைட் காவல்காரனோடு தங்கள் பாசையில் ஏதோ கதைத்தார். விசில் நின்றது. அக்காவிடம் திரும்பி, "என்ர ஆச்சியும் மாதா கோயிலுக்கு முழங்காலால போறவ. ஆனால் மடாம், பஸ் எங்களுக்காக நிக்காது. கெதியாச் செய்யுங்கோ," என்றார்.

கெதியாய்ச் செய்கிற வேலையா அது. தெற்கு வீதியில் வெயில் முதுகில் இருந்தது. முதலில் ஒவ்வொரு அடிக்கும் "நாகதம்பிரானே" என்று சொல்லிக்கொண்டு வந்தவ, பிறகு "தம்பிரானே" என்றா, பிறகு வாய் காய்ந்து "களைக்குது, களைக்குது" என்றுதான் வந்ததாம். "அதையும் அவர் கேட்டிருப்பார்தானே?" என்று என்னிடம் கேட்டா. கேட்டிருப்பார் என்று சொன்னேன்.

தெற்கு முடிந்து மேற்கு மூலைக்கு வந்தபோது பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது. தலை நிமிர்ந்து பார்த்தா. அந்த நட்டநடு வெயிலுக்குள்ளால், தடியை ஊன்றி ஊன்றி, கத்தரின் மடாம் வந்துகொண்டிருந்தா. மற்றக் கையில் அக்காவின் சப்பாத்து. தொப்பியை எங்கோ விட்டுவிட்டா. முகம் சிவந்து, உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"முடிஞ்சுதா?"

"இல்லை மடாம். ஒரு வீதி மிச்சம்."

மடாம் கைட்டைப் பார்த்து, இவள் முடிக்கட்டும், பஸ்ஸை நிப்பாட்டு என்றா. கைட், அவ்வளவு சனமும் ஏறி இருக்கிறது, டிரைவர் கேட்கமாட்டான் என்றார். மடாம், நான் ஏறாமல் எப்பிடிப் போறான் பாப்பம் என்றா. சொல்லிக்கொண்டே தள்ளாடினா. கைட் பிடித்துக்கொண்டார்.

அக்கா மேற்கு வீதியைப் பார்த்தா. நேரான வீதி, நல்ல புல்லு, மூலையில் திரும்பினால் பாம்புத் தலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் செய்திருக்கலாம். மடாமின் குளிசை நேரமும் தாண்டிவிட்டது.

"போவம்," என்றா.

அந்த வீதியால்தான் நடந்து போனார்களாம். அக்கா ஒரு கையால் மடாமைத் தாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு, எல்லாரையும் போல நடந்தே போனா. "அந்த நடையிலதான் எனக்குக் கால் கொதிச்சது, மற்றதொண்டும் இல்லை," என்றா.

பஸ்ஸில் குளிசை கொடுத்து, நெற்றியை நனைத்துவிட்ட பிறகு மடாமுக்கு முகம் தெளிந்தது. என்ன காரியம் அது என்று கேட்டா. கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் இங்கிலிஷ், மிச்சம் கை. மகன், சிறை, சத்தியம் என்று அக்கா சொல்லி முடித்தா. இவ்வளவு காலமும் அந்த வீட்டுக்குள் போய்வந்தும், தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பதை அன்றுதான் மடாமுக்குச் சொல்லியிருக்கிறா.

மடாம் வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாவாம். "என்ர அம்மாவும் சென் ஜோசப் கோயில் படியை முழங்காலால ஏறினவ. என்ர தம்பி சண்டைக்குப் போன நேரம்."

"வந்தவரோ?"

"வந்தான். குடிகாரனா வந்தான். ஆனால் வந்தான்."

மொன்றியலுக்கு வந்து இறங்கிய அன்றே, எக்ஸ்ரேயை இன்னொருக்கால் எடுக்கச் சொல்லிக் கொழும்புக்கு அறிவித்திருக்கிறார்களாம் என்று செல்வமலர் சொன்னாள். அக்கா கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தா. சப்பாத்திலிருந்த பனி உருகித் தரையில் ஓடியது. துடைக்கக்கூட எழும்பவில்லை.

"மேற்கு வீதி," என்று மட்டும் சொன்னா. செல்வமலருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நகுலேஸ்வரன் அண்ணைக்கு விசயம் தெரிந்துவிட்டது. "அக்கா, ஆரின்ரையோ கோயிலைச் சுத்தினால் எங்கட நாகதம்பிரானுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர முழங்காலுக்குத் தெரியும் அண்ணை," என்றா. அவர் விபூதித் தட்டை அவவிடம் முதலில் நீட்டினார்.

சித்திரையில் பனி உருகி ஒழுங்கையெல்லாம் சேறான நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் டாக்சி வந்து நின்றது. உள்ளே கத்தரின் மடாம், நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. அக்கா பயந்துபோய் இறங்கி வந்தா. என்னையும் கூட வரச்சொல்லிக் கையைப் பிடித்தா. எங்கே போகிறது என்று மடாம் சொல்லவில்லை.

சென் ஜோசப் கோயில் மலைச்சரிவில் இருக்கிறது. பெரிய பச்சைக் கூரை. எங்கட சனமும் போய் மெழுகுதிரி கொளுத்துகிற இடந்தான். கீழிருந்து மேலே போகிற படிக்கட்டின் நடுப்பகுதியில் மரப்படி. முழங்காலால் ஏறுகிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி விட்டிருக்கிறது. இரண்டு மூன்று மனிசிமார் செபமாலையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மடாம் தடியால் அந்தப் படியைக் காட்டினா.

"நீ என்னால விட்டிட்டு வந்தனி. இஞ்சை முடி."

அக்கா என்னைப் பார்த்தா. "பிள்ளை, இது வேற சாமி. செய்யலாமே?"

எனக்கு என்ன தெரியும். சிறுவயதில் படிப்பை விட்டவள் நான். சாத்திரம் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். "அந்தப் பாம்பும் உங்களுக்கு வேற சாமிதானே அக்கா," என்றேன்.

அவ சப்பாத்தைக் கழற்றினா. சித்திரை என்றாலும் மரம் ஐஸாய் இருந்தது. மற்ற மனிசிமார் சப்பாத்தோடுதான் ஏறினார்கள். அக்கா ஒவ்வொரு படிக்கும் முழங்கால் வைத்து, நெற்றி படக் கும்பிட்டு, ஏறினா. நான் பக்கத்துக் கல்லுப் படியால் அவவின் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு, அவவுக்குச் சமனாய் ஏறினேன். மெக்சிக்கோவில் பட்டு ஆறிய புண் திரும்ப உடைந்து, மரத்தில் ஈரம் படுவது தெரிந்தது.

நடுவழியில் அவ படியில் குந்திவிட்டா. மூச்சு வாங்கினது மட்டும் கேட்டது. ஒரு மனிசி அவவைத் தாண்டி ஏறிப் போனாள். இவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். நாகதம்பிரானே, இவவை இதோடு விட்டுவிடு, மிச்சத்தை என் கணக்கில் வை என்று நானும் உள்ளுக்குள் கேட்டேன்.

கீழே பார்த்தேன். மடாம் டாக்சிக்குள் போய் இருக்கவில்லை. படியின் அடியில், காற்றுக்குள், தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் பார்ப்பதைக் கண்டதும் தடியைத் தூக்கி மேலே காட்டினா. அவ்வளவுதான்.

"அந்த மனிசி குளிருக்குள்ளை நிக்குது," என்று சொல்லிக்கொண்டு அக்கா எழும்பினா.

மேலே ஏறி முடித்ததும் கோயிலுக்குள் போகவில்லை. "மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டா. வெயில் சாய்கிற பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்து நின்று கும்பிட்டா. வடிவான கும்பிடு இல்லை. கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை.

"முடிஞ்சுது. இனி அவன் வாறதும் வராததும் அவரின்ர பாடு. எனக்கு நித்திரை வருது," என்றா.

டாக்சியில் மடாமின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டா. எங்கள் தெரு வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தான். மடாம் வாயில் விரலை வைத்து, இன்னும் சுற்று என்று கையால் காட்டினா. ஜான்-டலோன் சந்தைப் பக்கமாய் ஒரு வட்டம், திரும்ப ஒரு வட்டம். அக்காவின் வாய் திறந்திருந்தது. அவ அப்படி உறங்கி நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

குலேந்திரன் அந்த ஐப்பசியில் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். எக்ஸ்ரேயும் கோப்பும் எப்படிச் சரிவந்தது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உயரமாய், மெலிந்து, கதை குறைந்த பெடியனாய் வந்தான். சத்தமாய்க் கதவு சாத்தினால் திரும்பிப் பார்ப்பான்.

வந்து சில நாளில் நான் மேலே போனேன். அக்கா நிலத்தில் காலை நீட்டி இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. பக்கத்தில் இருந்த பெடியன், சீலை விலகின இடத்தில் தாயின் முழங்காலைக் கண்டுவிட்டான். கறுத்து, தடித்து, தழும்பு ஏறின முழங்கால்.

"என்னம்மா இது?"

"தரை துடைக்கிற வேலையெல்லோ, தம்பி," என்றா அக்கா, கீரையை விட்டுத் தலை நிமிராமல்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் காலமை அவ வழமைபோல வேலைக்குப் போனா. ஒரு படி, நின்று, கைபிடியை மாற்றி, அடுத்த படி. அன்று அவவுக்குப் பின்னால் இன்னொரு காலடியும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. மடாமின் வாசலில் குவிந்த இலையை அள்ள அவனையும் கூட்டிக்கொண்டு போனாவாம்.